சாருக்காக ஒரு வேண்டுதல்

ஷெரில் குட்டி,

மம்மி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். நீ அவசரப்பட்டு டிக்கெட் போடாதே. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையை எதிரி என்று நினைத்துத் தாக்கிவிட்டதாம். வலிப்பு நின்றுவிட்டது, மற்றதெல்லாம் மெல்லத்தான் திரும்பும் என்கிறார் டாக்டர். உன் சோஃபியா அத்தைதான், "கெட்ட ஆவிடா தம்பி, ஃபாதரைக் கூட்டிக்கினு வா" என்றாள். பாதிப் பேச்சிலேயே போனை வைத்துவிட்டேன்.

மம்மி நன்றாகச் சாப்பிடுகிறாள். பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரம் வாங்கி வந்து நானே வறுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றாள். அவளுடைய மரியாதை உனக்குத் தெரியாததா?

நான் இப்போது ஹாலில் படுக்கிறேன், அங்கே காற்று நன்றாக வருகிறது. கல்யாண போட்டோவைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் ஜெபமாலையை ஒரு வார்த்தை பிசகாமல் அவளே நடத்தினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடிந்ததும், நம் வீட்டு வழக்கப்படி ஒவ்வொருவருக்காகவும் வேண்டினாள். முதலில் அவளுடைய அப்பாவின் இருமல் குணமாக வேண்டும் என்றாள். தாத்தா இறந்து வருஷக்கணக்காகிறது என்று நான் சொல்லவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாதாவே, இந்த சார் என்னை நல்லா பாத்துக்கிறார். பாவம், தனியா இருக்கார். அவரோட வைஃப் சீக்கிரம் வீட்டுக்குத் திரும்பி வரணும்."

நான் "ஆமென்" சொன்னேன், குட்டி. மனதாரச் சொன்னேன்.

உன் டாடி