ஆளுக்கொரு நூல்

கருவடிக்குப்பம், புதுச்சேரி
11 பிப்ரவரி 1957

அன்புள்ள மாமாவுக்கு அஞ்சலாட்சி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பாவாடை அண்ணனும் சுகம். சைகோனில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படகைப் பற்றி நாலு பக்கம் இருந்தது.

படகின் படம் கிழியாமல் வந்து சேர்ந்தது. கட்டில் மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு வெங்காயம் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். முதல் நாள் முழுக்கத் தலைகீழாக வைத்துப் பார்த்திருக்கிறேன். பாய்மரம் ஏன் தண்ணீருக்குள் போகிறது என்று யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. நான் சொல்லாவிட்டால் இது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. தனியாக இருக்கிறவர், சிரித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் துறைமுக ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் படகு தயாராக இருக்கட்டும், நாம் இரண்டு பேரும் கரையோரமாகவே காரைக்கால், நாகப்பட்டினம், கோடியக்கரை என்று போய்வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் இரண்டு குடும்பத்திலும் ஏர் பிடித்தவர்கள்தான் உண்டு. முழங்காலுக்கு மேல் கடலில் நனைந்தவர் ஒருவரும் இல்லை. அங்கே உங்களை ஆற்றில் பாய்ப்படகில் கூட்டிப்போய்ப் பழக்கிய அந்த ஆபீஸ் துரை செய்த வேலை இது. அண்ணன் என்னைக் கேட்டார்: “மீன் புடிக்கவும் இல்ல, சரக்கு ஏத்தவும் இல்ல, அப்புறம் எதுக்கு அஞ்சலை படகு?” சும்மா போய்வர என்றேன். “சும்மா போறதுக்குத்தான் ரெட்டமாட்டு வண்டி நிக்குதே” என்கிறார். ஆனால் தேங்காய்த்திட்டுக்கு என்னை அதே வண்டியில் கூட்டிப்போனவரும் அவர்தான்.

அங்கே ஆற்றோரத்தில் கண்ணையன் ஆசாரி என்று ஒருவர் படகு கட்டுகிறார். படத்தை வாங்கி, ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற வரைக்கும் பார்த்தார். ஏழரை மீட்டர் நீளம், ஒரே பாய்மரம், கீழே படுத்துக்கொள்ள அறை, எல்லாம் கட்டிவிடலாம் என்றார். அடிமரத்துக்கு வேங்கை, வளைவுகளுக்குக் கருவேலம், பலகைக்குத் தேக்கு, பாய்மரத்துக்குப் புன்னை. ஆனால் படகின் உள்ளளவை மட்டும் அவர் காகிதத்திலிருந்து எடுக்கமாட்டாராம். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தானாம். படகில் படுத்து எழப்போகிற ஆள் ஒவ்வொருவருக்கும் உச்சியிலிருந்து குதிகால் வரை ஒரு நூல் வேண்டும். அந்த நூலில் தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒன்று, முட்டிக்கு ஒன்று. முட்டி முடிச்சைப் பார்த்து உட்காரும் பலகையின் உயரம் வைப்பார். “படுக்க நீளமாப் போனா கடல் ஆட்டத்துல ஆளு உருளுவாரு, குட்டையாப் போனா காலு மரத்துடும்” என்றார்.

என்னை அவர் அளக்கவில்லை. அவர் மனைவி தையல்நாயகி உள்ளே கூட்டிப்போய் அளந்தார். எனக்கு ஒரே கூச்சம், ஒரே சிரிப்பு. நான் இத்தனை குட்டையா என்று நூலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஆகவே உங்கள் நூலை முடிச்சுகளோடு சீக்கிரம் அனுப்புங்கள். இன்னொன்று. படத்தில் முன்பக்கம், நம் இரண்டு படுக்கைக்கும் அப்பால், சின்னதாக ஒரு பலகை வரைந்து பேர் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அது என்ன என்று ஆசாரி கேட்கிறார். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது பத்தொன்பது மாதம். அதனால் அந்தப் படகுக்குள் எது எங்கே இருக்கும் என்பதெல்லாம் எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

தங்கள்
அஞ்சலாட்சி


கருவடிக்குப்பம்
30 மே 1957

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். வெயில்தான் கொளுத்துகிறது. உங்கள் கடிதமும் நூல் பொட்டலமும் கிடைத்தன. நீளமானது உங்களுடையது, குட்டையானது அந்தச் சின்னப் பலகையில் வைக்கப்போகும் சாமான் பெட்டியின் நீளம் என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் நூலைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டு, குதிகால் முனை தரையைத் தொடும்படி வைத்து, பக்கத்தில் நின்று பார்த்தேன். என் உச்சி உங்கள் தோள் முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. மறந்தே போயிருந்தேன் மாமா. வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறேன் போல. அண்ணன் வந்து சுவரில் என்ன பல்லியா என்று கேட்டார். மனசு உங்களைத் தேடுகிறது என்று உங்களுக்கு எழுத எனக்கு எப்போதும் வெட்கம். இப்போது எழுதிவிட்டேன்.

படகு வேலை ஓடுகிறது. அடிமரத்துக்குப் பூசை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, வளைவுகளை நிறுத்திவிட்டார்கள். பார்க்க மாட்டு விலா எலும்பு மாதிரி இருக்கிறது. ஊரில் வேலையற்றவர், வேலையுள்ளவர் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். ஆலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, இது யாருக்கு, எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு நாள் துறைமுகத்து ஆபீசர் ஒருவரும் வந்தார். கள்ளச் சரக்கு ஏற்றவா என்று சந்தேகமாகக் கேட்டார். ஆசாரி படத்தை விரித்துக் காட்டினார். டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பார்த்தவர், போகும்போது, முதல் தடவை நாகப்பட்டினம் போகும்போது தனக்கும் ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. காற்று எதிரே வந்தால் பாய் போட்ட படகு திரும்பித்தானே வரவேண்டும், அதெப்படி முன்னால் போகும்? அங்கே வலை உலர்த்தும் கன்னியப்பனைக் கேட்டேன். “பாரம் ஏத்துன வண்டிய மேட்டுல நேரா ஓட்டுவீங்களாம்மா? இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம்னு மாட்ட வளைச்சு வளைச்சுத்தான ஏத்துவீங்க. அதேதான்” என்றார். சட்டென்று புரிந்துவிட்டது. நீங்கள் வரும்போது சுக்கானை நான்தான் பிடிப்பேன், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

போன வாரம் ஆசாரி மூன்று நூலையும் பலகைமேல் வரிசையாக வைத்தார். உங்களுடையது, என்னுடையது, பெட்டியுடையது. குட்டை நூலை எடுத்து விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது பெட்டி அளவுன்னு சொன்னீங்க. இதுல தோளுக்கு ஒரு முடிச்சு கெடக்குது, இடுப்புக்கு ஒண்ணு கெடக்குது, முட்டிக்கு ஒண்ணு கெடக்குது. பெட்டிக்கு ஏதும்மா முட்டி?”

நான் எழுதிய முறைப்படி எல்லா நூலுக்கும் எங்கள் வீட்டுக்காரர் முடிச்சுப் போட்டிருப்பார், சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர் என்று சொல்லிவிட்டேன். ஆசாரியும் தலையாட்டிவிட்டார். தையல்நாயகி மட்டும் எனக்கு ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்து, வேண்டாம் என்ற பிறகும் பக்கத்திலேயே நின்றார்.

அந்தப் பெட்டியைப் பற்றி விவரமாக எழுதுங்கள். மரமா, தகரமா? அதில் என்ன வைக்கப்போகிறோம்? ஆவலினால்தான் கேட்கிறேன். உங்களுக்குத்தான் தெரியுமே, ஒரு விஷயம் பாதி தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது.

தங்கள்
அஞ்சலாட்சி


கருவடிக்குப்பம்
26 செப்டம்பர் 1957

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பாய்க்கு என்ன நிறம், கயிறு எந்த ஊர்க் கயிறு, கோடியக்கரையில் எந்த மாதம் எந்தக் காற்று, எல்லாம் விவரமாக இருக்கிறது. நான் கேட்டதற்கு ஒரே வரி. பெட்டி இரண்டு விரற்கடை நீளம் கூடுதலாக வேண்டும், ஒன்றும் அவசரமில்லை, வேலையை அடுத்த வருஷக் கடைசிக்குத் தள்ளிப் போடச் சொல் என்று.

பெட்டி வளருமா மாமா?

அதைப் படித்தபோது அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். மச்சான் என்ன எழுதியிருக்கிறார் என்றார். பாய்க்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார் என்றேன். உங்கள் பொய்யை அன்றிலிருந்து நானும் சுமக்கிறேன்.

உங்களுக்கு அங்கே ஒரு பிள்ளை இருக்கிறது. நேரே எழுதிவிட்டேன். உங்களுக்கு எழுத வராததை நான் எழுதிக்கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளத்தையும், சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் அது இரண்டு விரற்கடை கூடியதையும் பார்த்தால் ஐந்து வயது இருக்கலாம் என்று தையல்நாயகி சொல்கிறார். ஐந்து பெற்றவர், அவருக்குத் தெரியும். நீங்கள் கடைசியாக விடுமுறையில் வந்து திரும்பியது ஐம்பத்தொன்றில். இத்தனை வருஷமாக, பிள்ளையில்லாதவள் என்று ஊர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. விசேஷ வீட்டில் தாம்பூலத் தட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. அதையெல்லாம் உங்களுக்கு எழுதினேன். தைரியமாக இரு என்று பதில் எழுதினீர்கள். அப்போது உங்கள் மடியில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்ததா?

அன்றைக்கே தேங்காய்த்திட்டுக்குப் போய் வேலையை நிறுத்தச் சொன்னேன். விறகுக்கு வெட்டிப் போடுங்கள் என்று கூடச் சொன்னேன். என் குரல் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும். ஆசாரி உளியைக் கீழே வைத்தார். “நிறுத்துன்னா நிறுத்திடறேம்மா. ஆனா ஐப்பசி மழைக்கு முந்தி மேல்தளம் மூடலன்னா உள்ள தண்ணி எறங்கி மரம் வீணாப் போயிடும். உங்க கோவத்துக்குக் காத்திருக்க மரத்துக்குத் தெரியாது” என்றார். நான் வண்டி ஏறிவிட்டேன்.

பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மாமா, கோபமாக இருக்கலாம் என்று உட்கார்ந்தால் நடுவில் வேறு யோசனை வந்துவிடுகிறது. பையனா, பெண்ணா? உங்கள் பக்கத்துக் காது, அந்த விரிந்த காது இருக்குமா? என்ன பாஷை பேசும்? தமிழ் ஒரு வார்த்தையாவது சொல்லிக்கொடுத்தீர்களா? ரசம் கொடுத்தால் குடிக்குமா, முகத்தைச் சுளிக்குமா? என் மேலேயே எனக்கு எரிச்சல். அழவேண்டிய நேரத்தில் இதையெல்லாம் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேனே என்று.

பதினோராம் நாள் போனேன். யாரும் பார்க்காதபோது அந்தக் குட்டை நூலை எடுத்து என்னோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். என் இடுப்புக்குச் சற்று மேலே வந்தது. நான் நின்றபடி கையை வைத்தால் தலை இருக்கும் இடம். கை தானாக அங்கே போய்விட்டது. பிறகு அழுதேன். தையல்நாயகி மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டதா என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டு என்னைக் காப்பாற்றினார்.

உங்களையும் இப்போது புரிகிறது. படகு முடிந்தால் நீங்கள் வரவேண்டும். வந்தால் சொல்லவேண்டும். அதனால்தான் படகு முடியாமலே பார்த்துக்கொண்டீர்கள். பாயை மாற்று, கயிற்றை மாற்று, அவசரமில்லை, அவசரமில்லை. ஆனாலும் உங்கள் கை முதல் படத்திலேயே அந்தப் பலகையை வரைந்துவிட்டது. வாயால் பொய் சொன்னீர்கள், நூலில் சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றுக்காக உங்களை இன்னும் கொஞ்சம் மதிக்கிறேன். மற்றபடி என் கோபம் தனியாக அப்படியே இருக்கிறது. அதற்கு இந்த வான்தபால் தாள் போதாது, நேரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உண்மையாக எழுதுங்கள். பிள்ளையின் தாய் எங்கே? அவளுக்கு நூல் வரவில்லையே. அவள் இருக்கிறாள், விட்டுவிட்டு வரலாம் என்று நினைத்திருக்கிறீர்கள் என்றால் பிள்ளையை அவளிடமிருந்து பிய்த்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் பாவத்தில் எனக்குப் பங்கு வேண்டாம். நீங்கள் அங்கேயே இருங்கள், நான் அண்ணனோடு இருந்துகொள்கிறேன், சாபம் விடமாட்டேன். அவள் இல்லை, பிள்ளை தாயில்லாமல் வளர்கிறது என்றால் இன்னும் ஒரு விரற்கடை வளரும்வரை கூடத் தாமதிக்காதீர்கள். பகலில் நீங்கள் ஆபீசுக்குப் போனால் அதற்கு யார் தலை வாருகிறார்கள்? இந்த யோசனை வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஊர் பேசும். பேசட்டும், என்னைப் பற்றிப் பேசிப் பழகிய ஊர்தானே. அண்ணன் இரண்டு நாள் குதிப்பார். பிறகு பிள்ளையை மாட்டு வண்டியில் பக்கத்தில் உட்கார வைத்து லாஸ்பேட்டை வரை ஓட்டிக் காட்டப்போவதும் அவர்தான். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

வேலை மறுபடி நடக்கிறது. பலகைகளுக்கிடையே பஞ்சு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இனிமேல் எனக்கு நூல் அனுப்பவேண்டாம். அந்தச் சின்னப் பலகையைப் பெரிய ஆள் படுக்கிற நீளத்துக்கே போடச் சொல்லிவிட்டேன், வளர்கிற வரை வளரட்டும். ஏன் என்று ஆசாரி கேட்கவில்லை. “ஓரத்துல ஒரு தடுப்பு வெக்கட்டுமாம்மா, தூக்கத்துல கீழ விழாம?” என்று மட்டும் கேட்டார். வையுங்கள் என்றேன்.

மாசியில் கடல் அடங்கியதும் தண்ணீரில் இறக்கலாம் என்கிறார். கப்பல் எப்போது என்று விசாரியுங்கள்.

உங்களுக்கு வணக்கம். பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பெயர் போட்டு எழுதவேண்டியது, தெரியாததால் வெறுமனே பிள்ளை என்று எழுதுகிறேன். இன்னொரு தடவை என்னை இப்படி எழுத வைக்காதீர்கள்.

அஞ்சலாட்சி