தூணில்லாத விறாந்தை

என்னைத் தோளில் தூக்கி வைத்துத் தேர் காட்டிய அண்ணைக்கு,

வருகிற பங்குனியோடு நீங்கள் போய் ஒரு வருடம். ஆட்டத்திவசத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க நாலு பக்கம் அச்சடிக்க வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். எழுதுகிறவன் நான்தானே. உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டுப் பாட்டுப் புத்தகத்தில் புலவர் உங்களை வானளாவப் புகழ்ந்துவிட்டார். நான் புகழப் போவதில்லை. என் பயத்தைச் சொல்லப் போகிறேன். வாசிக்கிற சனமும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. பண்டத்தரிப்பில் எல்லோரும் சுகம். ஜப்பான்காரனோடு நடக்கிற சண்டை இன்னும் முடியவில்லை. பிளேன் சத்தம் கேட்டால் சந்தையில் சனம் ஓலைக் கடகத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறது. அரிசிக்குக் கூப்பன். உங்கள் மகள் பூமணிக்கு வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளை காங்கேசன்துறையில் வாத்தியார், நல்ல பொடியன், அதிகம் பேசமாட்டார்.

ஊரெல்லாம் குண்டு விழும் என்று பயந்து கிடக்கிறது. நான் பயப்படுவது பட்டணத்தில் நீங்கள் கொந்தராத்து எடுத்துக் கட்டிய ஹோட்டலுக்கு.

அந்தக் கட்டிடத்தை நான் இப்போதெல்லாம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறேன். முகப்பில் வளைவு வைத்த ஐந்து வாசல், மேலே பச்சை அடித்த மரச்சட்ட ஜன்னல்கள். உள்ளே போனால் நம் வீடுகளைப் போல நடுவில் சதுர முற்றம், சுற்றிவர அறைகள். "வெளியாலை வெள்ளைக்காரன், உள்ளுக்கை யாழ்ப்பாணத்தான்" என்று நீங்கள் சொல்லிச் சிரிப்பீர்கள். சுவர் ஒன்றரை முழத் தடிப்பு, கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். கூரைக்கு வைரம் பாய்ந்த பனைமரம். அவற்றில் எதற்கும் எனக்குப் பயமில்லை. என் பேரன் காலத்திலும் நிற்கும்.

பயம் மேல்மாடி விறாந்தைக்கு மட்டும்தான். சுவரிலிருந்து தெருப்பக்கம் நாலு முழம் நீட்டிக்கொண்டு, கீழே ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறதே, அதற்கு. ஹோட்டல் முதலாளி கொழும்பில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சீமெந்தையும் இரும்புக் கம்பியையும் சேர்த்து நீங்கள் செய்த முதல் வேலை அது. முட்டுப் பலகையைக் கழற்றிய கிழமை சனம் அதன் கீழே போகப் பயந்து சுற்றிப் போனது. பிறகு எல்லோருக்கும் பயம் தெளிந்துவிட்டது. இன்றைக்குச் சுற்றிப் போகிறவன் நான் ஒருத்தன்தான்.

ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

விறாந்தை போட்ட வருடம் மழை பொய்த்திருந்தது. ஹோட்டல் வளவுக் கிணறு உவர். குடிதண்ணீர் வண்டியில் பீப்பாயில் வரவேண்டும். ஊர்க் கிணற்றடியில் பெண்கள் விடியற்காலையிலேயே குடத்தோடு வரிசையில் நின்றார்கள். சீமெந்தோடு வந்த இங்கிலீசுக் கடதாசியை நீங்கள் என்னிடம் நீட்டினீர்கள். அரசாங்கக் கந்தோரில் கட்டிடப் படம் கீறுகிறவன், இங்கிலீசு படித்தவன் என்று என்னில் உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"தம்பி, தண்ணியைப்பற்றி என்ன போட்டிருக்கு?"

"குடிக்கிற தண்ணிதான் விடவேணுமாம் அண்ணை. உது அவங்கள் தங்கடை ஊருக்கு எழுதினது. சனம் விடாய்க்குத் தண்ணியில்லாமல் நிக்க, நாங்கள் அதைச் சீமெந்துக்கு ஊத்திறதே? பாவமெல்லோ!"

"ஓமடா. எங்கடை வீட்டுச் சுவரும் உவர்த்தண்ணியிலை குழைச்சதுதானே. என்ன நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லைதான். அந்தச் சுவருக்குள் இரும்பு இல்லை. அது நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. உப்பு கம்பியைத் தின்னும் என்று கந்தோர்ப் புத்தகம் ஒன்றில் நான் படித்தது போன வருடம், நீங்கள் போன பிறகு. படித்த அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளே போய் அண்ணாந்து பார்த்தேன். விறாந்தையின் அடியில் சுவரை ஒட்டி ஒரு செங்காவிக் கோடு ஓடியிருந்தது. மாரி முடிந்தபோது அது இரண்டு விரல் அகலமாகிவிட்டது. தைமாதம் கையளவு காரை பெயர்ந்து தெருவில் விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பி கறையான் தின்ற தடி மாதிரி இருந்தது. இப்போது மேலறைகளில் பட்டாளத்து அதிகாரிகள். பின்னேரத் தேத்தண்ணீருக்குச் சப்பாத்துக் காலோடு அந்த விறாந்தைக்குத்தான் வருவார்கள். வேலை விட்டு வரும்போது எத்தனை தலை தெரிகிறது என்று எண்ணுவேன். எட்டுக்கு மேல் போனால் அவர்கள் உள்ளே போகும்வரை எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

இந்த நிலையில்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கொண்ணையின்ரை மோள் பூமணியின்ரை கலியாண விருந்து இஞ்சைதான். பொம்பிளை மாப்பிள்ளையோடை இரண்டு பகுதிச் சனமும் மேல் விறாந்தையிலை நிண்டு படம் எடுக்கவேணும். அவர் கட்டின இடமெல்லே!"

"முதலாளி, அந்த விறாந்தை பழுதாப் போச்சு. ஆரையும் ஏத்தாதையுங்கோ" என்று ஒருவாறு சொன்னேன்.

"கொண்ணை கட்டினது விழுமோ? உமக்கென்ன விசரே? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!" என்று சொல்லிவிட்டு என்னை அங்கேயே கூட்டிப்போய்த் தரையில் காலால் ஓங்கி உதைத்துக் காட்டினார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றுதான் விளங்கியது. சனம் அதில் ஏறுவது சீமெந்தை நம்பியல்ல, உங்கள் பெயரை நம்பி. தண்ணீர்க் கதையைச் சொன்னால் அந்தப் பெயர் போகும். என் வேலையும் போகும். கலியாணம்கூடக் குழம்பலாம். சொல்லாவிட்டால் உங்கள் பூமணி கூறைச் சேலையோடு அங்கே போய் நிற்பாள். சொல்லாமலே திரும்பி வந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

மூன்று நாள் பொறுத்து உங்கள் வீட்டுக்கு, மச்சாளிடம் போனேன். முற்றத்தில் பனங்கிழங்கை ஒடியலுக்குக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், ஹோட்டல் விறாந்தை விழப் பாக்குது. அண்ணையிலை பிழை இல்லை. உவர்த்தண்ணி விடச் சொன்னது நான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "தெரியும் தம்பி."

"எப்பிடி?"

"அவர் சொன்னவர். மூண்டாம் மாரியிலையே அந்தக் கோட்டைக் கண்டிட்டார். அதுக்குப் பிறகு வருசா வருசம் தேருக்கு அவர் எங்கை நிண்டவர் எண்டு யோசிச்சுப் பாரும்."

யோசித்தேன், அண்ணை. சிவன் கோயில் தேர் ஹோட்டல் வாசலால்தான் போகும். முதலாளி கூப்பிட்ட சனமெல்லாம் மேல் விறாந்தையில் நிற்கும். நீங்கள் மட்டும் நேர் கீழே, வளைவுச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்பீர்கள். பூமணி அழுதாலும் அவளை மேலே விடமாட்டீர்கள். "மேலை வாங்கோ அண்ணை, நீங்கள் கட்டினதுதானே" என்று நான் கத்துவேன். "இஞ்சை நிண்டாத்தான் தேர் வடிவாத் தெரியும்" என்பீர்கள். கட்டினவர் பெருமையோடு தன் வேலையின் கீழே நிற்கிறார் என்று நினைத்தேன்.

"விழுறதெண்டா முதல் தன்ரை தலையிலை விழட்டும் எண்டவர்" என்றார் மச்சாள். "தம்பியிட்டைச் சொல்லிப்போடாதை, அவன் பயந்தவன், நித்திரை கொள்ளமாட்டான் எண்டும் சொன்னவர்."

அண்ணை, அதைக் கேட்டு அழுதேன். அழுது முடிய எனக்குக் கோபம் வந்தது. இதுவரை உங்களோடு நான் கோபித்ததில்லை. மேலே அத்தனை சனம் நின்றது, கைக்குழந்தைகளும் நின்றன, நானும் நின்றேன். நீங்கள் ஒருவர் கீழே நின்று செத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? என் பெயரைக் காப்பாற்றவா அவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? அந்தப் பயத்தைத் தனியே சுமந்து என்ன கண்டீர்கள்?

உங்களைக் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நானும் ஒரு வருடம் தெருவைச் சுற்றித்தானே போனேன்.

இதுவரை எழுதியதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். கலியாணம் குழம்பினால் என்ன செய்வது என்று கேட்டேன். "மாப்பிள்ளை வேறை பாக்கலாம். எனக்கு வேறை மோள் இல்லை. உதை அப்பிடியே அச்சடியும்" என்றார். அச்சாகி வந்ததும் முதல் பிரதியை முதலாளியின் கையில் கொடுக்கிறோம். மச்சாளும் கூட வருகிறார். மீதி உங்கள் திவசத்துக்கு வருகிற ஒவ்வொருவர் கைக்கும் போகும். வாசிக்கிறவர்களே, அந்த விறாந்தையில் ஏறாதீர்கள். என் அண்ணையே அதை நம்பவில்லை.

அண்ணை, ஒரு சொல் தருகிறேன். சித்திரைத் தேருக்குள் அதை இடிக்கவில்லை என்றால், தேரன்று நீங்கள் நின்ற இடத்தில் நான் நிற்கமாட்டேன். மேலே போய் விறாந்தைக் கதவில் முதுகைக் கொடுத்து நிற்பேன். ஒரு பிள்ளையையும் தாண்ட விடமாட்டேன். கால் நடுங்கும், எனக்குத் தெரியும். நடுங்கினாலும் நிற்பேன்.

உவர்த்தண்ணீர் விடச் சொன்ன
உங்கள் தம்பி
சின்னராசா