தபால் நிலையத்துக்கு ஒரு பெயர்

ஹார்லன் கிராசிங், கன்சாஸ்
ஜூன் 14

அன்புள்ள தம்பி டாரலுக்கு அக்கா மார்லிஸ் எழுதுவது.

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வருஷம் கழித்து எழுதுகிறாளே என்று திகைக்காதே. கோதுமை அறுப்புக்கு நிற்கிறது, மேற்கே ஆலங்கட்டி மேகம் மிரட்டுகிறது, எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நம் ஊர்த் தபால் நிலையத்துக்கு என் மகன் கோல்பியின் பெயரை வைக்கும் மசோதா செவ்வாய்க்கிழமை நீ உறுப்பினராக இருக்கும் அவைக்கு வருகிறதாமே. கட்டடத்துக்குப் பெயர் சூட்டுவது அரசாங்கத்தின் வேலையில்லை என்று இத்தனை வருஷமும் எதிர்த்தே வாக்களித்தவன் நீ. இப்போது, "இந்த ஒரு தடவை உனக்காகச் சரின்னு போட்டுடறேன்க்கா" என்கிறாய். அரசாங்கம் எதிலும் மூக்கை நுழைக்கக்கூடாது என்னும் உன் அணியில் மற்ற ஐந்து பேரும், "சொந்தம்னா கொள்கை வளையுமாடா?" என்று கேலி செய்கிறார்களாம்.

ஊரில் வேறு பேச்சு. தீவனக் கடை லாய்ட் என் காதுபடவே, "அக்கா மகன் பேருக்கே வேணாம்னா அவன் மனுசனா? ஆகஸ்டுல கட்சி வேட்பாளர் தேர்வுக்கு ஓட்டுக் கேட்டு வரட்டும், பாத்துக்கறேன்" என்றான்.

இடி முழங்கியது, ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.

போருக்குப் படையை அனுப்பலாமா என்று உங்கள் அவையில் வாக்கெடுப்பு நடந்த நாள் நினைவிருக்கிறதா? கூடாது என்றது நீங்கள் ஆறு பேர்தான். என் பிள்ளை சீருடையில் நிற்கிறான், தாய்மாமனே அவன் காலை வாரிவிடுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்தில் இருந்த உன் தேர்தல் பலகையைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். படை போன ஏழாம் மாதம் கோல்பி சவப்பெட்டியில் வந்தான். அடக்கத்தன்று நீ ஓரமாக நின்றாய், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவி நான்.

அன்று சரி என்று சொல்லி அவனை அனுப்பியவர்களே இன்று அவன் பெயரைச் சுவரில் மாட்டுவார்களாம். அதன் கீழே தினமும் நின்று நான் கடிதம் வாங்க வேண்டுமாம். அவர்களோடு நீயும் சேர்வாயா? வேண்டாம் டாரல். ஊர் நடுவே இதைச் சொல்லப் பெற்றவள் எனக்கு வாய் வரவில்லை. எப்போதும்போல எதிர்த்தே வாக்களித்து நீ சொல்லிவிடு. லாய்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

வாக்களித்ததும் புறப்பட்டு வா. தலைநகரில் வீடு எடுக்காமல் அலுவலக சோபாவில் படுத்து உடம்பைக் கெடுத்துக்கொண்டது போதும். கோல்பியின் அறையை இன்று காலையில்தான் திறந்தேன். கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு வைக்கிறேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
மார்லிஸ்