பட்டை சொன்ன வேகம்

அன்புள்ள எறும்புக்கு,

ஆமை எழுதுகிறேன். இந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட உன்னைத் தவிர எனக்கு இப்போது ஆள் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் நான் மேடம். போனில் பேசினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய வீடியோ வந்தது. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூடத்தின் நடுவில் எடைக்கம்பியைக் கிடத்தியிருக்கிறாய். தூக்குவதற்கு முன் வலது காலைத் தரையில் தேய்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்ததும் கல்லூரிப் பயிற்சிக்கூடம் முழுசாகக் கண்முன் வந்துவிட்டது. தகரக் கூரை, கதவுக்கு முட்டுக்கொடுத்த உடைந்த எடைத்தட்டு, நம் இருவருக்கும் சேர்த்து இருந்த ஒரே பெல்ட். அதில் உன் இடுப்புக்கு ஒரு துளை, என் இடுப்புக்கு ஒரு துளை.

அன்று கம்பி ஏறும் வேகம் பார்க்க, நமக்குப் பயிற்சி தந்த மாஸ்டரின் ஸ்டாப் வாட்சும் அதை அமுக்க உன் கட்டைவிரலும்தான் இருந்தன. போன வாரம் சுலபமாக ஏறிய எடை இந்த வாரம் இழுத்துக்கொண்டு ஏறினால் உடம்பு ஏதோ சொல்கிறது என்பார் மாஸ்டர். அணிக்கு ஆள் எடுத்த அன்று நான் காய்ச்சலோடு எழுந்து வந்தேன். நீ படித்துச் சொன்ன நேரம் அவ்வளவு குறைவு, என்னாலேயே நம்ப முடியவில்லை. மாஸ்டர் உன்னைப் பார்த்து, "கடிகாரம் ஓடுதா, இல்ல உன் பாசம் ஓடுதா?" என்று கேட்டார். நீ கண் சிமிட்டாமல் அதே நேரத்தை மறுபடியும் சொன்னாய். என்னை எடுத்துக்கொண்டார்கள். போட்டியில் என் தோள் விலகியது. ஆஸ்பத்திரி பெஞ்சில் என்னைவிட நீதான் அதிகம் அழுதாய். அந்த அழுகையை நினைத்தால் இப்போதும் எனக்கு உன்மேல் பிரியம்தான் வருகிறது, கோபம் வருவதில்லை.

உன் மகள் வாங்கித் தந்த, தூக்குகிற வேகத்தை எண்ணாகக் காட்டும் அந்தக் கைப்பட்டைக்கு வருகிறேன். வாரா வாரம் வேகம் கூடுகிறது என்று நீ அனுப்புகிற எண்களையெல்லாம் பார்க்கிறேன். கை மரத்துப்போகிறதே என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நரம்புப் பரிசோதனையை நீ தள்ளிப் போட்டதற்கும் அந்த எண்கள்தான் காரணம். "பட்டைக்கே தெரியுதுடி நான் நல்லா இருக்கேன்னு, டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றாய். நானும் அன்று சிரித்தேன்.

இந்த மாதிரிப் பட்டைகளைச் சோதிப்பதுதான் என் வேலை என்பது உனக்குத் தெரியும். உன்னுடைய அதே ரகத்தை வாங்கி என் கையில் கட்டிக்கொண்டேன். எடைக்கம்பியின் ஓரத்தில் ஒரு நூலைக் கட்டினேன்; அதன் மறுமுனை எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெட்டி ஒன்றுக்குள் சுற்றியிருக்கும். கம்பி ஏற ஏற அந்த நூல் எவ்வளவு விரைவாக உருவப்படுகிறது என்று அந்தப் பெட்டி அளக்கும். குறைந்த எடையை விசுக்கென்று தூக்கியபோது பட்டையும் பெட்டியும் ஏறக்குறைய ஒன்றையே சொல்லின. எடை கூடி, தூக்குவது மெதுவானதும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பட்டைக்கு மணிக்கட்டுதான் தெரியும், கம்பி தெரியாது. பிறகு வேண்டுமென்றே கையை நடுங்கவிட்டு மெதுவாகத் தூக்கினேன். பெட்டி மெதுவு என்றது. பட்டை அந்த நடுக்கத்தையும் வேகத்தோடு சேர்த்துக்கொண்டு, பிரமாதம் என்றது. வேறு பட்டையைக் கட்டிப் பார்த்தேன், கூட வேலை செய்கிறவளையும் தூக்கச் சொன்னேன். அதே கதைதான்.

போன மாத வீடியோவையும் இந்த மாத வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டேன். ஒரே எடை. இந்த மாதம் கம்பி தாமதமாகத்தான் மேலே வருகிறது. உன் வீட்டுக்காரர் படம் எடுத்துக்கொண்டே, "கை ஆடுதே" என்கிறார். நீ, "அது சந்தோஷத்துல ஆடுது. நீங்க போனை ஆட்டாம எடுங்க" என்கிறாய். முதலில் சிரித்துவிட்டேன். மறுபடி ஓடவிட்டபோது சிரிப்பு வரவில்லை. போன் ஆடவில்லை, எறும்பு. பின்னால் சுவரில் இருக்கும் காலண்டர் அசையாமல்தான் நிற்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஒன்றுமே இல்லாமல் போகலாம், சாதாரணக் களைப்பாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டை சொல்வதை வைத்துக்கொண்டு நல்லா இருக்கேன் என்று சொல்லாதே. அன்று நீ எனக்குச் சொன்ன மாதிரி ஒரு நல்ல நேரத்தை உனக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். முடியவில்லை.

பரிசோதனைக்கு மறுபடியும் தேதி வாங்கு. வாங்கியதும் ஒரு வரி அனுப்பினால் போதும். லீவு சொல்லி வைத்துவிட்டேன். பெஞ்சில் உன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். உள்ளே என்ன சொன்னாலும் வெளியே வந்து முதலில் என்னிடம் சொல்.

கம்பியைத் துடைத்து மேசைக்கு அடியில் தள்ளிவை, யாருக்கும் கொடுத்துவிடாதே. எல்லாம் முடிந்து நீ மறுபடி தூக்கும்போது வாட்சை நான் அமுக்குகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
ஆமை