தொடக்கூடாத ரிசீவர்

18.7.95, செவ்வாய்

ஆடிக் காற்று. மேசையெல்லாம் கரிசல் புழுதி. நீதிமன்றக் கட்டண வில்லை வாங்க வேண்டும்.

பரளச்சிக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து மாரி வந்தார். கணவர் கருப்பையா (இனி க.), நான் நடத்தும் வழக்கில் கண்ணால் கண்ட ஒரே சாட்சி. பொதுக்குழாயைத் தொட்டதற்காக க.வின் தம்பியைக் கட்டையால் அடித்துக் காலை முறித்த வழக்கு. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஜாமீனில். க. உயிருக்குப் பயந்து திருப்பூரில், பனியன் கம்பெனியில். சாட்சியம் வெள்ளிக்கிழமை.

ஊரில் தொலைபேசி மளிகைக் கடையில் மட்டும். மாரியின் தெருக்காரர்கள் ரிசீவரைத் தொடக்கூடாதாம். கடைக்காரரே ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கிவிடுவார். அவர்கள் படிக்குக் கீழே நின்று கத்த வேண்டும். டீக்கடையில் தனிக் குவளை, இங்கே தனிப் பொத்தான். நேற்று க. அழைத்தபோதும் அப்படியே.

"பெஞ்சில எதிரியோட அண்ணன் உக்காந்திருந்தாரு. இவுக பாட்டுக்கு, வியாழக்கிழமை காலை பஸ்ஸுல ஊரு முக்குல வந்து எறங்குறேன்னு சொல்லிட்டாக. ரகசியமாப் பேசுங்கன்னு நான் எப்பிடிய்யா கத்துறது?"

உடனே திருப்பூருக்கு அழைத்தேன். சொல்லிவிடுவதாகக் கம்பெனிக்காரர். காவல் நிலையத்தில் பாதுகாப்பு மனு. "பாப்போம் சார்" என்றார் ஆய்வாளர், பேனாவைக்கூட எடுக்கவில்லை.

20.7.95, வியாழன்

செய்தி க.வுக்குச் சேரவில்லை. முக்கில் இறங்கியவரை நால்வர் மறித்திருக்கிறார்கள். அரிவாள், இரும்புக் குழாய். இடது தோள் எலும்புவரை வெட்டு. விழுந்தபின் வாயிலேயே மீண்டும் மீண்டும் அடி. சாட்சி சொல்லும் வாய் என்று சொல்லிச் சொல்லி அடித்ததாக நடத்துநர். தாடை நொறுங்கிவிட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரி.

பஸ் நிறைய ஆள். எவரும் இறங்கவில்லை.

என் சட்டையில் ரத்தம், தகவல் கேட்டு ஓடிப்போய் அவரை வண்டியில் தூக்கி ஏற்றியபோது பட்டது. துவைக்கப் போடவில்லை.

21.7.95, வெள்ளி

வாய்தா வாங்கினேன். பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம் என்று மாரியிடம் விளக்கினேன். க. சம்மதித்தால் போதும். கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.

ஆய்வாளர்: "போனைத் தொடவிடலைன்னா அது என்ன குற்றம் சார்? சட்டத்துல போனுன்னு எங்க இருக்கு?" தீண்டாமைச் சட்டத்தில் கடை என்று இருக்கிறது. அது போதும். சொன்னேன். சிரித்தார். கை ஓங்கத் தோன்றியது. கோப்பைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக்காரரையும் பார்த்தேன். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கருவியாம். "பேச விடாமயா இருந்தேன்? பொத்தான அமுக்கிக் குடுக்குறதே நாந்தான" என்றார். உதவி செய்ததாகவே மனதார நம்புகிறார்.

என் கருத்து, எனக்காக மட்டும்: காது மந்தமானவருக்கும் கை இயங்காதவருக்கும் ஸ்பீக்கர் நல்ல வசதி. அமுக்குவது யார் விருப்பம் என்பதே கேள்வி. பொதுக்கருவி என்றால் எவரும் பிறர் தயவின்றித் தாமே இயக்க வேண்டும். பேசுகிறவர் விரும்பாத காதுக்குப் பேச்சு எட்டக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது அரிவாள்தான்.

சர்க்கரை மாத்திரை மறந்தது.

24.7.95, திங்கள்

காற்று நின்றது. புழுக்கம்.

காலை, அலுவலகத்தில் தொலைபேசி மணி. மாரி. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளைகளின் துணிமணி எடுத்துவர ஊருக்குப் போனவர், மளிகைக் கடைக்குள் ஏறித் தாமே எண்களை அமுக்கியிருக்கிறார்.

"ஐயா, ரிசீவரக் கையில புடிச்சுத்தான் பேசுறேன். ஒங்களுக்கு மட்டுந்தான் கேக்கும். அவுக தலைய ஆட்டிட்டாக. சைகையில சொல்லுவாக."

பின்னால் கடைக்காரர் கீழே வைக்கச் சொல்லிக் கெஞ்சும் குரல். பிறகு வேறு ஆண்குரல்கள், வசவு. பளீரென்று ஓர் அறை. கண்ணாடிப் போத்தல்கள் விழுந்து நொறுங்கும் ஓசை. ரிசீவரைப் போட்டுவிட்டு வெளியே ஓடுங்கள் என்றேன்.

"மாட்டேய்யா. பேனா எடுத்துக்கிருங்க. அடிக்கிறது யாரு யாருன்னு சொல்றேன்."

எதிரியின் அண்ணன் பெயரைச் சொன்னார். எழுதினேன். மீண்டும் அடி, மூச்சு இழுக்கும் சத்தம். அடுத்த பெயர். தகப்பன் பெயரோடு, நிதானமாக.