படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

நோபல் பார்க், மெல்பேர்ன்,
18 ஜனவரி 2026

என் செல்ல மகள் மயூராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நல்ல சுகம் என்று தொடங்கத்தான் கை போகிறது. உண்மையைச் சொல்ல உட்கார்ந்த கடிதத்தில் முதல் வரியே பொய்யாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

ரஷ்ய மொழியில்தான் முதலில் எழுதிப் பார்த்தேன். நீ இருக்கும் மின்ஸ்க்கில் பதினேழு வருடம் இருந்தவன்தான். ஆனாலும் அந்த மொழியில் நான் மன்னிப்புக் கேட்டால் தண்ணீர்க் கட்டணம் பிந்தியதற்கு விளக்கம் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதனால் தமிழ். நான் இங்கே வருமுன், பதினொரு வயதுவரை என்னிடம் நீ படித்த தமிழ் போதும், ஆறுதலாக வாசி. விளங்காத சொல்லை வட்டம் போட்டு வை, போனில் சொல்லித் தருகிறேன். இதை வாசித்த பிறகும் என் போனை நீ எடுப்பாய் என்றால்.

நேற்று இங்கே நாற்பத்தொரு பாகை வெயில். டண்டினோங்கில் நான் வேலை செய்யும் ஜன்னல் தொழிற்சாலையில் மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மைனஸ் பதினெட்டு என்று போன் காட்டியது. காலையில் எழுந்ததும் மெல்பேர்ன் வெயிலைப் பார்க்க மாட்டேன், மின்ஸ்க் குளிரைத்தான் பார்ப்பேன். தொப்பியை மறந்துவிட்டுப் பயிற்சிக்குப் போகாதே.

என் அக்கா, உன் கல்யாணி மாமி, போன ஞாயிறும் வெரிபீயிலிருந்து வந்தா. உனக்கென்று வாங்கி வைத்த கட்டிலின் பிளாஸ்டிக் உறையை நான் இன்னும் கழற்றவில்லை என்று ஏசினா. “பிள்ளை எப்பதான் வாறாள்? நீயும் ஒழுங்கா ஒண்டும் சொல்லுறேல்ல” என்று கேட்டா. நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். அக்காவுக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்ல வேண்டும்.

போன வருடம் உனக்கு விசா மறுத்தார்களே, அது உன் நாட்டுக் கடவுச்சீட்டால் அல்ல. என்னால்.

விண்ணப்பத்தை இங்கிருந்து நான்தானே நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி: இராணுவத்தில் இருந்ததுண்டா, ஆயுதப் பயிற்சி பெற்றதுண்டா. நீ இராணுவ விளையாட்டுக் கழகத்தில் சம்பளம் வாங்குகிறவள், பெயருக்கென்றாலும் சார்ஜன்ட், பத்து வருடமாக முதுகில் துப்பாக்கியோடு பனியில் சறுக்கி ஓடுகிறவள். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ‘இல்லை’ என்று போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். ஊர் யுத்தத்துக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வியைக் கண்டால் மூளை வேலை செய்யாது மகள், கைதான் வேலை செய்யும். ஒரு ‘ஓம்’ போட்டதற்காக வருடக்கணக்காக முகாமில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். விளையாட்டுக்காரியின் துப்பாக்கி வேறு என்று எந்த மடையனுக்கும் விளங்கும். எனக்கு விளங்கவில்லை.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. இணையத்தில் சீருடையோடு உன் படத்தைக் கண்டுவிட்டு, இது என்ன என்று விளக்கம் கேட்டு எனக்குத்தான் மின்னஞ்சல் அனுப்பினார்கள். இருபத்தெட்டு நாள் தந்தார்கள். பிழையாக நிரப்பிவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நானோ அது விளையாட்டு உடை, இராணுவம் இல்லை என்று மறுபடியும் பொய் எழுதினேன். பொய்த் தகவல் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு உனக்கு இங்கே வர வழியில்லை.

“பரவாயில்லையப்பா, எங்கட பாஸ்போர்ட்டை இப்ப ஆர் மதிக்கினம்?” என்று நீ சிரித்து என்னைத் தேற்றினாய். பத்து மாதமாக அந்தச் சிரிப்பு என்னைத் தின்கிறது.

மயூரா, உன் துப்பாக்கியை நான் மறைத்தது அந்தப் படிவத்தில் மட்டுமல்ல. பதினாறு வயதில் அதை மாட்டிக்கொண்டு நின்ற படத்தை அனுப்பினாய். சுவாமி அறையில் வைக்குமுன் தோளுக்கு மேலே தெரிந்த குழலைக் கத்தரித்துவிட்டேன். மாமியிடம் பனியில் ஓடுகிறாள் என்று மட்டும் சொன்னேன். இடையில் நின்று, நெஞ்சு படபடக்க, மூச்சைப் பிடித்து ஐந்து கரும்புள்ளிகளைச் சுடுவாய் என்று சொல்லவில்லை. உன் சித்தப்பா பத்தொன்பது வயதில் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை. அவனும் நீயும் ஒன்றில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் என் உடம்பு கேட்கவில்லை.

2018இல் உன் போட்டியைப் பார்க்க வந்தேனே. முதல் வெடி கேட்டதும் என் கால் தானாக ஓடியது. கார் நிறுத்தும் இடத்தில்தான் போய் நின்றது. கூட்டத்தில் என்னைக் காணாமல் நீ திரும்பிப் பார்த்தாயாம், அடுத்த சுற்றில் நான்கு வெடி தவறினாயாம், அதற்கு நான்கு தண்டனை வட்டம் கூடுதலாக ஓடினாயாம். அம்மா சொன்னா. நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து உன் போட்டி எல்லாவற்றையும் கணினியில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். உலகக் கோப்பையில் நீ நான்காவதாக வந்தபோது பலகையில் ‘இளங்கீரன்’ என்று ஓடியது. என் பெயர்! அழுதேன். இரண்டு மாதத்தில், ரஷ்ய யுத்தத்துக்குத் துணை நின்ற நாடு என்று, உங்கள் நாட்டு அணியையே வெளியே நிறுத்திவிட்டார்கள். உனக்கு இருபத்துமூன்று வயது, ஓடவேண்டிய வயது. யுத்தம் எங்கோ இருப்பவளின் காலையும் கட்டிப்போடும் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் உன் காலைக் கட்டியபோது பொறுக்க முடியவில்லை. நான்கு குளிர்காலம் உள்ளூர்க்காரரோடு மட்டும் ஓடினாய். இப்போது முழங்கால் நோகிறது, இந்தப் பருவத்தோடு சரி என்கிறாய்.

கடைசிப் போட்டி மார்ச் 28. தொழிற்சாலையில் மூன்று கிழமை லீவு எடுத்துவிட்டேன், பயணச்சீட்டும் போட்டாயிற்று. என்னிடம் வரமுடியாமல் உன்னை ஆக்கியவன் நான். நான்தான் வரவேண்டும். கால் ஓடப் பார்க்கும், தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன கிழமை சொன்னாய், சுடும் இடத்துக்குப் பக்கத்தில் குடும்பத்தவர் நிற்பதற்கு இரண்டு பெயர் எழுதித் தரச் சொன்னார்களாம், அம்மாவின் பெயரை நீ கொடுத்துவிட்டாயாம், மற்ற இடம் சும்மா இருக்கிறதாம். யாரைப் போடுவது என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என் பெயரை எழுதாவிட்டால் கோபமில்லை. வெளியே சனத்தோடு நின்று பார்த்துவிட்டு வருவேன், உன் கண்ணில் படமாட்டேன். எழுதினால், உறவு என்ற இடத்தில் உனக்கு எது உண்மையாகப் படுகிறதோ அதை எழுது. அப்பா என்று எழுத மனம் வராவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடு, நான் வந்து அதிலேயே நிற்கிறேன்.

சுடும்போது உன் மூச்சு உன் சொல் கேட்கட்டும், என் பிள்ளை.

இப்படிக்கு,
இளங்கீரன்