என் தட்டிலிருந்து நீ எடுத்த சோறு

இன்று காலை கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் செக்கப். நர்ஸம்மா மூடி போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். அந்த டப்பாவைப் பார்த்தாலே உன் ஞாபகமும் பயமும் சேர்ந்துதான் வருகின்றன.

நாம் இருவரும் ஒரே லைனில் கான்ட்ராக்ட் தொழிலாளிகளாக இருந்தோம். வடக்குப்பட்டில் உன் வீட்டை ஒட்டிய அறையில் நான் குடியிருந்தேன். நிரந்தர வேலைக்கு முதலில் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். மெடிக்கலுக்கு, விடிந்ததும் வீட்டிலேயே சிறுநீர் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி இதே மாதிரி ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். அதோடு என் அறை வாசலில் வந்து நின்றாய். சர்க்கரையால் உன் அம்மாவுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்திருந்த சமயம் அது.

"எனுக்கும் சர்க்கரை கீதுன்னு வந்துட்டா வேலை போச்சுடா. உன்னுது குடு."

"ஏல, கேக்கதுக்கு வேற பொருளே கிடைக்கலியா ஒனக்கு?" என்று சிரித்துக்கொண்டே நிரப்பிக் கொடுத்தேன். இருபத்தாறு வயது, மூன்று தட்டுச் சோறு தின்கிற உடம்பு, எனக்கு என்ன வந்துவிடும் என்கிற திமிர்.

இரண்டு நாள் கழித்து வந்து கதவைச் சாத்தினாய். "வேலை இல்லன்னுட்டாங்க. சர்க்கரை கீதாம்."

நான் பாவி, உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எனுக்கு இல்லடா. உனுக்கு."

நிரந்தர வேலை போனவன் நீ, அழுதவன் நான். என் சர்க்கரையால் உன் மேல் வந்த பழியை ஒரு நாளும் நீ சொல்லிக்காட்டவில்லை.

மறுநாளே என்னை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாய். மாத்திரை கொடுத்த பிறகு, சுகாதாரச் செவிலியர் ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பாடம் எடுத்தார். சோறு ஒரு கரண்டியோடு நிறுத்து, பாதித் தட்டுக்குக் காய் வை, முட்டை, மீன், சுண்டலால் வயிற்றை நிரப்பு. அதோடு, "வூட்ல ஒருத்தருக்கு இருந்தா மத்தவங்களும் டெஸ்ட் பண்ணிக்கணும்" என்றார். நான் உன்னை இடித்தேன். நீ செருப்பைப் பார்த்துக்கொண்டே, "தெரியாத வரிக்கும் தூக்கம் வருது, வுடுடா" என்றாய். நானும் விட்டுவிட்டேன்.

நீயும் கான்ட்ராக்டிலேயே தொடர்ந்தாய். கேண்டீனில் கரண்டி பிடிக்கிறவருக்குக் கம்மியாக வைக்கவே தெரியாது. எதிரில் உட்கார்ந்து என் சோற்றை வழித்து உன் தட்டில் போட்டுக்கொள்வாய். முட்டை போடுகிற நாளில் உன் முட்டை எனக்கு வரும். "கொட்டுனா பாவம்டா" என்று சொல்லிச் சொல்லியே தின்றாய். என் சர்க்கரை இறங்கியது. சந்தோஷத்தில், உன் தட்டு குவிந்தது என் கண்ணில் படவே இல்லை.

மூன்றாம் வருடம் சேஃப்டி ஷூ கடித்து உன் குதிகாலில் வந்த புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உன் ரத்தத்தை முதல்முறையாகச் சோதித்தார்கள். சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் சொன்னதும், என் தட்டுச் சோற்றையும் நீயே தின்றது தெரிந்த உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபதாவது நாள் நீ போய்விட்டாய். அந்தப் பார்வைக்கு நான் இன்றும் பயப்படுகிறேன்.

இன்று மெடிக்கல் முடிந்து சாப்பிட உட்கார்ந்தேன். எதிரில் இருந்த ஃபிட்டர், "இன்னாண்ணா, சோத்த ஒதுக்கி வச்சிட்டீங்க? இப்பிடி தள்ளுங்க" என்று கை நீட்டினார். நான் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

"சோறு கெடக்கட்டும் வே. சுகர் டெஸ்ட் எடுத்தீரா?"

என் சத்தத்துக்குப் பக்கத்து மேஜையே திரும்பியது. "எனுக்கு இன்னாண்ணா, நல்லா தூங்கறேன்" என்று அவர் சிரித்தார்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு, கை கழுவக்கூட விடாமல் அவர் கையைப் பிடித்து நர்ஸம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்குச் சுகாதார நிலையத்தில் உன் கையும் எனக்கு இவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது.